மீன் ஏறி வர ஒரு வழி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. அவரே எழுதிக் கொடுத்தபடி இங்கே தரப்படுகிறது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு "நீர்நிலைப் பாதுகாப்பில் மகளிர் பங்கு". பெரிய தலைப்பு. எனக்குத் தெரிஞ்சது எங்க ஊர் வாய்க்கால் ஒண்ணுதான். அதிலயும் மீனைப் பத்தி மட்டும் பேசலாம்னு வந்திருக்கேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. தப்பு இருந்தா மேடையை விட்டு இறங்கினதும் சொல்லுங்க, திருத்திக்கிறேன்.

எங்க ஊரு மயிலாடுதுறை மாவட்டத்துல கடைமடை. காவிரித் தண்ணி சுத்தி வந்து, மிச்சம் மீதிதான் எங்களுக்கு. ஜூன் 12-ல மேட்டூர் திறந்தா எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வர ஆடி ஆயிடும். ஜனவரி 28-ல மூடுவாங்க. மாசி பங்குனியில வாய்க்கால் காஞ்சு, பிள்ளைங்க அதுக்குள்ள கிரிக்கெட் விளையாடும். இது உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா ஒரு கேள்வி. வருஷத்துல நாலு மாசம் காஞ்சு கிடக்கிற வாய்க்கால்ல, அடுத்த மழைக்கு மீன் எங்கேருந்து வருது? யாரும் கொண்டு வந்து விடறதில்லை. வானத்திலேருந்து விழறதும் இல்லை. நான் கல்யாணமாகி வந்து பதினஞ்சு வருஷமா அந்த மீனைக் குழம்பு வெச்சுச் சாப்பிட்டவதான். இதை ஒரு நாளும் யோசிச்சதில்லை. மீன் நின்னு போன பிறகுதான் யோசிச்சேன்.

நாலு வருஷத்துக்கு முந்தி சித்திரையில எங்க வாய்க்காலைத் தூர் வாரினாங்க. பல வருஷமா ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைச்சுக் கிடந்த வாய்க்கால். தூர் வாருங்கன்னு கிராம சபையில எழுந்து கேட்டதில நானும் ஒருத்தி. அதனால பொக்லைன் வந்த அன்னிக்கு எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஏழெட்டு நாள்ல வேலை முடிஞ்சுது. வாய்க்கால் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா இருந்துச்சு. கரையில இருந்த கோரை, நாணல், தாழம்புதர் எல்லாம் போச்சு. அரசமரத்து வளைவுல ஆள் ஆழத்துக்கு ஒரு மடு இருந்துச்சு, அதையும் மண்ணைத் தள்ளிச் சமமாக்கிட்டாங்க. ரோட்டுக்குக் குறுக்கே இருந்த பழைய பாலத்தை எடுத்துட்டுப் புதுசா குழாய்ப் பாலம் போட்டு, தண்ணி விழற பக்கம் சிமெண்ட் தளம் போட்டாங்க. அந்தத் தளத்துக்கும் கீழே வாய்க்கால் தரைக்கும் ரெண்டு அடி இறக்கம்.

யாரையும் குத்தம் சொல்ல இதைச் சொல்லலை. அந்த வருஷம் தண்ணி நல்லா வந்துச்சு. எங்க வீட்டு ஒரு ஏக்கருக்கும் பாஞ்சுது. நாங்க கேட்டது அதுதான், கிடைச்சதும் அதுதான். மீனை நாங்களும் கேக்கலை, அவங்களும் நினைக்கலை. வேலை நடந்தப்போ வண்டி ஓட்டின தம்பிகிட்ட, "மடுவை மட்டும் விட்டுடு தம்பி, வெயில்ல மாடு தண்ணி குடிக்கும்"னு ஒரு பாட்டி சொல்லிச்சு. அந்தத் தம்பி, "எஸ்டிமேட்ல மடு இல்லை ஆயா"ன்னு சொன்னான். நாங்க சிரிச்சோம்.

ஐப்பசி மழை பிடிச்சுது. புதுத் தண்ணி ஓடினா கெண்டையும் குறவையும் எதுத்து ஏறும். நம்ம பக்கம் ஏத்து மீன்னு சொல்வோம். முட்டை போடத் தோதா மேல இருக்கிற வயலையும் குட்டையையும் தேடிப் போகுது. அந்த வருஷம் ஏறி வந்த மீன் அத்தனையும் குழாய்ப் பாலத்துக்குக் கீழே வந்து நின்னுடுச்சு. ரெண்டு அடி இறக்கத்துல தண்ணி கொட்டுது. மீன் எகிறுது, சிமெண்ட்ல அடிச்சு விழுது, மறுபடி எகிறுது. ஒரு குழியில கொத்துக் கொத்தா மீன். ஊரே கூடிச்சு. வலை வேண்டாம், தூண்டில் வேண்டாம், கூடையைப் போட்டு அள்ள வேண்டியதுதான். நானும் அன்னக்கூடை எடுத்துக்கிட்டுப் போனேன். பொய் சொல்ல மாட்டேன், அன்னிக்கு எனக்கு ஒரே குஷி. மூணு நாள் எங்க தெருவுல எல்லார் வீட்டுலயும் மீன் குழம்பு. அள்ளின மீன் வயித்தைக் கீறினா பூரா சினை. சினை மீன் ருசின்னு பேசிக்கிட்டோம்.

அடுத்த வருஷம் மழை பேஞ்சுது. மீன் இல்லை.

எங்க குழுவுல ஒரு பெரியம்மா இருக்காங்க. பேர் வேண்டாம், இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க, சொல்லலாம்னு அனுமதி கொடுத்திருக்காங்க. முப்பது வருஷமா ஆத்து மீன் வாங்கி, அலுமினியச் சட்டியில வெச்சுத் தலையில சுமந்து நாலு ஊருக்கு விக்கிறவங்க. உளுவை, கெண்டை, விரால், கெளுத்தின்னு ஊர்க்காரங்க பிடிச்சுக் கொடுக்கிறதை வாங்கி விப்பாங்க. குழுவுல இருபதாயிரம் கடன் வாங்கியிருந்தாங்க. மாசம் ஆயிரமும் வட்டியும். ஒரு தவணை கூடத் தவறாதவங்க. அந்த வருஷம் கார்த்திகையில கட்டலை. மார்கழியில கட்டலை. தையிலயும் கட்டலை. குழுவுல கணக்கு எழுதறவ நான். தீர்மான நோட்டுல "தவணை பாக்கி"ன்னு மூணு மாசம் அவங்க பேருக்கு நேரா எழுதினது என் கைதான். கூட்டத்துல ஒருத்தி கொஞ்சம் கடுமையாவே பேசிட்டா. எங்க குழு நிலுவை இல்லாத குழுன்னு பேர் வாங்கினது, தரமதிப்பீடு போயிடுமேன்னு அவளுக்குப் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு. நானும் வாய் திறக்கலை.

கூட்டம் கலைஞ்ச பிறகு அந்தப் பெரியம்மா பாயைச் சுருட்டிக்கிட்டே என்கிட்ட, "நான் என்ன பண்றது ஆயி, மீன் இருந்தாத்தானே சட்டி நிறையும்"னு சொன்னாங்க. மீன் ஏன் இல்லைன்னு கேட்டேன். "உங்க பாலத்தைப் போய்க் கேளு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம்தான் ரெண்டு மூணு பேர் சேர்ந்து வாய்க்காலைக் கண் திறந்து பார்த்தோம். சொல்லிக் கொடுத்தது அந்தப் பெரியம்மாவும், இன்னும் ரெண்டு வயசானவங்களும்தான். அவங்க சொன்னதையும், பிறகு பயிற்சியில கேட்டதையும் சேர்த்துச் சொல்றேன்.

மீனுக்கு வாய்க்கால் ஒரு வீடு கிடையாது, பல வீடு. வெயில் காலத்துக்கு மடு வேணும். எங்கேயும் தண்ணி வத்தினா அந்த ஆழத்துலதான் பத்து விராலும் நூறு கெண்டையும் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். அதுதான் அடுத்த வருஷத்துக்கு விதை நெல்லு. நாங்க விதை நெல்லைத்தான் மண்ணைத் தள்ளி மூடியிருந்தோம். விரால் இருக்கே, அது கரையோரம் கோரைக்குள்ள முட்டை போட்டு, ஆணும் பொண்ணும் காவல் இருக்கும். செகப்பா குஞ்சுங்க பந்து மாதிரி உருண்டு திரியும், கீழேயே தாய் மீன் நிக்கும், பார்த்திருப்பீங்க. கரையை மொட்டை அடிச்சா அது எங்கே கூடு கட்டும்? அயிரைக்கு மணல் வேணும், மணலுக்குள்ள புதைஞ்சுக்கிற மீன் அது. மணலைச் சுரண்டிக் களிமண் தெரிய வெச்சா அயிரை கிடையாது. விலாங்கு கதையோ வேற. அது முட்டை போடறது கடல்ல. குஞ்சு நூல் மாதிரி ஆத்துமுகம் வழியா ஏறி, வாய்க்காலுக்கு வந்து, குளத்துல வருஷக்கணக்கா வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போய்ச் சேரணும். வழியில ஒரு இடத்துல சுவர் வெச்சா அத்தோட சரி.

பனையேறிக் கெண்டைன்னு ஒண்ணு உண்டு. செதில் சொரசொரன்னு, கையில பிடிச்சா கீறும். இங்கே பக்கத்துல தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க இருந்த காலத்துல, 1791-ல, டால்டார்ஃப்னு ஒரு அதிகாரி அந்த மீன் பனைமரத்துல ஏறினதைப் பார்த்ததா எழுதி வெச்சாராம். அது லண்டன் வரைக்கும் போய் 1797-ல அச்சாச்சாம். நிஜமா ஏறிச்சோ, கொக்கு தூக்கிப் போட்டுச்சோ. ஈரத் தரையில அது நகர்ந்து போறதை நானே பார்த்திருக்கேன். அந்தப் பனையேறிக் கெண்டையே எங்க ஊர்ப் பாலத்தை ஏற முடியாமக் கீழே கிடந்துச்சுன்னா, மத்த மீனைக் கேக்கணுமா?

பெரிய ஆத்துக்கும் இதே கதிதான். உல்லம் மீன் கேள்விப்பட்டிருப்பீங்க. கடல்ல இருந்துட்டு, முட்டை போட ஆத்துல ஏறும். ஒரு காலத்துல கொள்ளிடத்துல ஏறி வந்த மீன். கொள்ளிடத்துக்குக் குறுக்கே அணைக்கரையில 1836-ல அணை கட்டினாங்க. 1934-ல மேட்டூர் வந்துச்சு. வெள்ளமும் கொறைஞ்சுது, வழியும் அடைஞ்சுது. வடக்கே கங்கையில அதே மீன் அலகாபாத் வரைக்கும் போகுமாம். 1975-ல ஃபரக்கா தடுப்பணை வந்த பிறகு அங்கே உல்லம் எட்டிப் பார்க்கிறதே அபூர்வமாச்சு. ஆந்திராவுல கோதாவரியில இதைப் புலசான்னு சொல்லி, ஒரு மீன் ஆயிரக்கணக்குல விலை போகுது. தாலியை வித்தாவது புலசா சாப்பிடணும்னு அங்கே சொல்வாங்களாம். (எதிர்ல நிறைய பேர் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறீங்க, பயப்படாதீங்க.)

பயிற்சிக்கு வந்த மேடம் அமெரிக்காவுல எல்வான்னு ஒரு ஆத்தைப் போன்ல காட்டினாங்க. அங்கே சால்மன் மீன் ஏறணும்னு, நூறு வருஷத்துக்கு முந்திக் கட்டின ஒரு அணையையும் அதுக்கு மேலே இருந்த இன்னொரு அணையையும் 2011-லிருந்து 2014-க்குள்ள இடிச்சே எடுத்துட்டாங்களாம். மீன் திரும்பி வந்துச்சாம். நம்ம மேட்டூரை இடிக்கணும்னு யாரும் கிளம்பிடாதீங்க. அது நம்ம சோறு. ஆனா ரெண்டு அடி சிமெண்டுக்கு நாமளே ஒரு வழி பண்ணலாம் இல்லையா? அணையை இடிக்காமலே பக்கத்துல படிப்படியா தொட்டி கட்டி மீனை ஏத்தற முறையும் உண்டு. மீன் ஏணின்னு பேரு. நாங்க அதைக் கருங்கல்லுல செஞ்சோம். முதல் தடவை தப்பாச் செஞ்சோம்.

அந்தத் தப்பையும் சொல்லிடறேன். முந்தின வருஷம் சித்திரையில, பழைய பாலத்தை உடைச்சுப் போட்ட கல் கரையில கிடந்துச்சு. பொறுப்புல இருந்தவங்ககிட்ட வாய்க்கால்ல கல் போடலாமான்னு கேட்டோம். பாலத்துக்கு மேல் பக்கம் தொடக் கூடாது, கீழ்ப்பக்கம் தண்ணியை மறிக்காமப் போட்டுக்கங்கன்னு சொன்னாங்க. குழுவுல பன்னெண்டு பேர், ரெண்டு ஞாயித்துக்கிழமை, கல்லைச் சுமந்து அந்த இறக்கத்துல குவிச்சோம். குவியல்தான். ஆறேழு அடி நீளத்துக்குச் செங்குத்தா இருந்துச்சு. ஆடியில தண்ணி வந்தா, கல்லுக்கு மேலே ஓடாம இடுக்குல நுழைஞ்சு கீழாலேயே போகுது. ஏற வந்த மீன் இடுக்குல மாட்டிக்கிட்டுச் செத்துச்சு. கார்த்திகையில ஒரு ராத்திரி கொட்டின மழையில பாதிக் கல் உருண்டு வயல் மதகு வாயில போய் அடைச்சுக்கிச்சு. அந்த வயல்காரர் எங்க வீட்டு வாசல்ல நின்னு பேசின பேச்சை இங்கே சொல்ல முடியாது. அவர் மேல தப்பில்லை. மறுநாள் காலையில நாங்களே இறங்கிக் கல்லை எடுத்துக் கொடுத்தோம். மீன் பொம்பளைங்கன்னு எங்களுக்குப் பட்டப்பேரே வந்துச்சு.

போன வருஷம் தை மாசம் கூட்டமைப்புலேருந்து பிச்சாவரம் கூட்டிக்கிட்டுப் போனது ஞாபகம் இருக்கா? பாதிப் பேர் படகுல செல்பி எடுத்தீங்க, நானும் எடுத்தேன். அங்கே சுரபுன்னைக் காட்டுக்குள்ள வாய்க்கால் வெட்டியிருக்கிறதைக் காட்டினாங்க. வெள்ளைக்காரன் காலத்திலேருந்து காட்டைப் பாத்தி பாத்தியா மொட்டை வெட்டினதுல, அந்த இடமெல்லாம் தரை தாழ்ந்து தட்டு மாதிரி ஆயிடுச்சாம். கடல் தண்ணி ஓதத்துல உள்ளே வரும், வெளியே போக வழியில்லை. நின்னு காஞ்சு உப்பாப் பூத்துடும். அதுல செடியும் முளைக்கலை, மீனும் தங்கலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே ஊர்க்காரங்களோட சேர்ந்து, 1990-களில ஆரம்பிச்சு, நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா சின்ன வாய்க்கால்னு, மீன் முள்ளு மாதிரியே வெட்டினாங்க. ஓதம் ஏறும்போது தண்ணி உள்ளே போகுது, வத்தும்போது வெளியே வருது. அதுக்கப்புறம் செடி பிழைச்சுது. அந்த வாய்க்கால்ல இருளர் பொம்பளைங்க இடுப்பளவு சேத்துல இறங்கி, ஓலைப் பறியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் துழாவி இறால் பிடிச்சதைப் பார்த்தோம். நம்மோட வந்த பெரியம்மா அவங்களோடயே நின்னுட்டாங்க, பஸ் ஹார்ன் அடிச்சும் வரலை.

திரும்பி வரும்போது பஸ்ல அவங்கதான் சொன்னாங்க: "நாம கல்லைப் போட்டோம் ஆயி, தண்ணிக்கு வழி காட்டலை. அவங்க வழியை வெட்டினாங்க பாரு."

அந்தச் சித்திரையில வேலையை வேற மாதிரி செஞ்சோம். இந்தத் தடவை கல் வரிசை இருபது அடி நீளம். ரெண்டு அடி இறக்கம் இருபது அடிக்குப் பரவினதால சரிவு தெரியவே தெரியாது. பெரிய கல்லைக் குறுக்கே வரிசையா, பாதி மண்ணுல புதைச்சு வெச்சோம். ஒரு வரிசையில இடப்பக்கம் ஒரு முழம் வழி விட்டா, அடுத்த வரிசையில வலப்பக்கம். ரெண்டு வரிசைக்கு நடுவுல தண்ணி தேங்கி ஒரு சின்னக் குளம் மாதிரி நிக்கும். மீன் ஒரு எட்டு ஏறும், அங்கே மூச்சு வாங்கும், மறுபடி ஏறும். நம்மள மாதிரிதான், மாடிப்படி ஏறும்போது நடுவுல நிக்கிறோமே. கல் இடுக்கையெல்லாம் சரளையும் களிமண்ணும் போட்டு அடைச்சோம், தண்ணி மேலாலேயே ஓடணும்னு. கீழ்க்கடைசியிலேருந்து மேலே அடுக்கிக்கிட்டு வரணும், மேலேருந்து அடுக்கினா நிக்காதுன்னு எங்க ஊர் கொத்தனார் சொல்லிக் கொடுத்தார். காசு வாங்கலை. அவருக்கு மீன் உசிரு.

மடுவை நூறு நாள் வேலையில தோண்டினோம். பணித்தளப் பொறுப்பாளர் எங்க ஊர்ப் பொண்ணுதான், அவ எழுதிக் கொடுத்ததை ஓவர்சியர் வந்து பார்த்து ஒத்துக்கிட்டார். பழைய இடத்திலேயே, அரசமர நிழல்லயே தோண்டினோம். நிழல்ல தண்ணி சூடேறாது, சீக்கிரம் வத்தாது. பக்கத்துல பஞ்சாயத்துக் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் இருக்கிற குழாய் வாயைத் திறக்கலாம்னு பார்த்தோம். குளத்தைக் குத்தகை எடுத்தவர் ஒத்துக்கலை. கட்லா, ரோகு விட்டிருக்கேன், ஓடிடும்னார். அவர் போட்ட காசு அவருக்கு. அதை விட்டுட்டு, யாரும் குத்தகை எடுக்காத வண்ணான் குட்டை வாயை மண்ணெடுத்துத் திறந்தோம். இப்போ அது வாய்க்காலோட சேர்ந்திருக்கு.

கரைதான் பெரிய சண்டை. செடியை விடணும்னு நாங்க. பாம்பு வரும், எலி வளை போடும், கரை உடையும்னு விவசாயிங்க. எங்க வீட்டுக்காரரே அந்தக் கட்சி. ராத்திரி தண்ணி கட்டப் போறவருக்குத்தானே பாம்பு பயம் தெரியும். கடைசியில, ஆள் நடக்கிற கரையைச் சுத்தமா வெக்கிறது, எதிர்க்கரையில கோரையையும் நாணலையும் விடறதுன்னு முடிவாச்சு. காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் எந்தக் கரையிலயும் கூடாது. அது தண்ணியை மூடிக்கிட்டா மீனுக்கும் மூச்சு முட்டும்.

கல் வரிசை தண்ணியை மறிக்கும், மேலே தேங்கும்னு பேச்சு அடங்கலை. பாலத்துக்கு மேல் பக்கம் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, பழைய தண்ணி மட்டம் எதுவரைன்னு எல்லார் முன்னாடியும் கோடு போட்டோம். ஆடியில தண்ணி வந்தப்போ கோட்டுக்கு மேலே ரெண்டு விரல் கூட ஏறலை. போன தடவை வாசல்ல வந்து திட்டின அதே வயல்காரர்தான் வந்து பார்த்து, "சரி, இருந்துட்டுப் போகட்டும்"னார். எனக்கு அது சான்றிதழ் மாதிரி.

போன ஐப்பசி, ரெண்டாவது மழை. ராத்திரி ஒன்பது மணி இருக்கும். டார்ச் எடுத்துக்கிட்டு அஞ்சாறு பேர் போனோம். முதல்ல ஒண்ணும் தெரியலை. பெரியம்மா டார்ச்சை அணைக்கச் சொன்னாங்க. இருட்டுல நின்னா சலசலன்னு சத்தம். திரும்ப வெளிச்சம் போட்டா, மூணாவது வரிசைக்குப் பின்னாடி தேங்கின தண்ணியில விரல் நீளக் கெண்டை முப்பது நாப்பது, எல்லாம் ஒரே பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்குது. ஒண்ணு வழியைப் பிடிச்சு ஏறுது, பின்னாடியே ரெண்டு. நாங்க யாரும் பேசலை. என் பக்கத்துல நின்னவ, அதான் அன்னிக்குக் கூட்டத்துல கடுமையாப் பேசினவ, பெரியம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

அதோட சுபம்னு நினைக்காதீங்க. மறுநாள் சாயங்காலமே பசங்க கல் வரிசைக்கு மேலே கொசுவலையைக் கட்டிட்டாங்க. மீன் ஏறுற இடம்னா பிடிக்கிறதுக்கும் அதுதான் சுலபமான இடம். நாங்க வழி போட்டுக் கொடுத்ததே பொறியா ஆயிடுச்சு. எங்க வீட்டுக்காரர் கூட, "எல்லாரும் அள்றான், நமக்கு மட்டும் என்ன"ன்னு கூடையோட கிளம்பினார். அன்னிக்கு வீட்டுல நடந்தது வீட்டோட. ஊர்க் கூட்டத்துல பேசி, புதுத் தண்ணி வந்து முதல் பத்து நாள் கல் வரிசையிலயும் மடுவுலயும் யாரும் வலை போடக் கூடாதுன்னு முடிவு பண்ணினோம். பத்து நாளுக்கு அப்புறம் கீழே எங்கே வேணும்னாலும் பிடிச்சுக்கலாம். மடுவுல மட்டும் எப்பவும் கூடாது. ராத்திரி முறை வெச்சுக் காவல் இருந்தோம். முழுசா நின்னுச்சுன்னு சொல்ல மாட்டேன். முக்கால்வாசி நின்னுது.

மார்கழியில வாய்க்கால்லயும் வண்ணான் குட்டையிலயும் கெண்டை, குறவை, உளுவை நல்லாவே இருந்துச்சு. விரால் குஞ்சு பந்தை எதிர்க்கரைக் கோரையில ரெண்டு இடத்துல பார்த்தோம். அயிரை வரலை. மணல் போனது போனதுதான், இனி எத்தனை வெள்ளம் கொண்டு வந்து சேர்க்கணுமோ. வயல்ல அடிக்கிற மருந்து வடியும்போது மீன் மிதக்கிறதும் நிக்கலை. ஜிலேபிக் கெண்டை நிறைய வருது, அதுவும் 1952-ல வெளிநாட்டிலேருந்து கொண்டு வந்து விட்ட மீன்தானே, இப்போ எல்லா இடத்துலயும் அதுதான். குட்டையில மீன் விடறேன்னு யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்தி கொண்டு வந்தா மட்டும் விடாதீங்க. அரசாங்கமே தடை செஞ்ச மீன் அது. நம்ம மீன் ஒண்ணு விடாமத் தின்னுடும்.

பெரியம்மா மறுபடி சட்டியைத் தூக்கினாங்க. பழைய மாதிரி தினம் இல்லை. கார்த்திகையிலேருந்து தை வரைக்கும் வாரத்துல நாலு நாள் ஆத்து மீன், மத்த நாள் பழையாறு போய்க் கடல் மீன் எடுத்து விக்கிறாங்க. பஸ் செலவும் ஐஸ் செலவும் போக அதுல பெருசா நிக்காது. கடன்ல இன்னும் ஆறாயிரம் பாக்கி.

இதுல குழு செஞ்ச ஒரு மாத்தம் உங்களுக்கும் உதவும். மீன் விக்கிறவங்க வருமானம் மாசா மாசம் ஒரே அளவு கிடையாது. ஆனா நாம எல்லாருக்கும் ஒரே தவணை போட்டுட்டு, வெயில் காலத்துல கட்டலைன்னா பாக்கின்னு எழுதறோம். இப்போ எங்க குழுவுல சொந்த நிதியிலேருந்து கொடுக்கிற கடனுக்கு, மீன் விக்கிறவங்களும் கீத்து முடையறவங்களும் கேட்டா, கையில வருமானம் இருக்கிற மாசத்துல ரெண்டு பங்கு, இல்லாத மாசத்துல வட்டி மட்டும்னு தீர்மானம் போட்டிருக்கோம். அந்த மூணு மாசப் பாக்கிக்கு நேரா நான் எழுதினதை அடிச்சுட்டு, தீர்மான எண் போட்டுத் திருத்தி எழுதினேன்.

கடைசியா ஒரு வேண்டுகோள். எங்க வாய்க்கால் எங்க ஊருக்கு மட்டும் சொந்தமில்லை, நம்ம கூட்டமைப்புல மூணு ஊர் வழியா வருது. எங்க பாலத்தை ஏறின மீன் அடுத்த ஊர் மதகுல போய் முட்டிக்கிட்டு நிக்குது. அந்த மதகை இந்தச் சித்திரையில புதுசாக் கட்டப் போறதாக் கேள்வி. மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. அந்த ஊர் அக்காமாருங்க எழுந்து மூணே விஷயம் கேளுங்க. மதகுத் தளத்தை வாய்க்கால் தரை மட்டத்துக்கே போடச் சொல்லுங்க, கட்டும்போதே அதைச் செஞ்சா நாங்க கல் சுமந்த மாதிரி நீங்க சுமக்க வேண்டியதில்லை. தூர் வாரும்போது கோயில் பின்னாடி இருக்கிற மடுவைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு கரைச் செடியை விடச் சொல்லுங்க. எஸ்டிமேட்ல இல்லைன்னு சொல்வாங்க. எஸ்டிமேட் போடறதுக்கு முந்தியே கேட்டுடுங்க, அதுக்காகத்தான் இன்னிக்கே சொல்றேன். எங்க ஊர் தீர்மானத்தோட நகல் என்கிட்ட இருக்கு. சாப்பாட்டுக்கு முந்தி வந்து வாங்கிக்கங்க, பத்துதான் ஜெராக்ஸ் எடுத்திருக்கேன்.